எதிர் கவுண்டரில் பாதி முகம்

ஷியோகமா
13 அக்டோபர் 1997

அக்கா,

சனிக்கிழமையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீதான் என்று தெரியும். எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன், கடைசியில் மன்னிப்புக் கேட்டவள் நானாக இருப்பேன். எழுதினால் உன்னால் நடுவில் குறுக்கிட முடியாது.

உன்னை அவமானப்படுத்த நான் உன் ஒப்பனைக் கவுண்டருக்கு எதிரே இருக்கிற போட்டிக் கம்பெனிக் கவுண்டருக்குப் போகவில்லை. அந்த வாரம் டோக்கியோவில் பயிற்சி என்று நீதானே சொன்னாய். நீ இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். செண்டாயில் வேறு பேரங்காடியே இல்லையா என்று கேட்பாய். இருக்கின்றன, போனேன். வாசல்வரை போய், அந்த வெளிச்சத்தையும் உயரமான நாற்காலிகளையும் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிகளையும் பார்த்துவிட்டு, குடை வாங்க வந்தவள் மாதிரி மாடிக்கு ஏறிவிட்டேன். குடையும் வாங்கிவிட்டேன். உன் கடையில் மட்டும்தான் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும்.

நீ அந்த வெளிச்சத்திலேயே நிற்கிறவள். உனக்கு இது விளங்காது. எனக்குத் தொழிற்சாலையில் தொப்பி, முகமூடி, வெளியே கண் மட்டும். புருவத்தில் பென்சில் பட்டிருந்தால்கூடக் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள், மீன் பலகாரத்தில் வாசனை ஏறிவிடுமாம். எனக்கு முகம் தேவைப்பட்ட நாளெல்லாம் நீ வந்து போட்டுவிட்டாய். ஊர் நடத்துகிற இருபது வயது நிறைந்த விழாவுக்கு நீ. சிநேகிதிகளின் கல்யாணங்களுக்கு நீ. தாடையைப் பிடித்துக்கொண்டு “ஆடாத” என்பாய். முடிந்ததும் கண்ணாடியைக் காட்டுவாய். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நீ நினைக்கிற இட்சுமியின் முகம். வீட்டுக்கு வந்து அதைக் கழுவும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நவம்பர் ஒன்பதாம் தேதி கல்யாணப் பேச்சுக்காக யோஷினாரியின் அப்பா அம்மாவுக்கு எதிரே உட்காரப்போகிறவள் நான். அன்றைக்கு என் முகத்தை நானே போட்டுக்கொண்டு போக ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு பவுண்டேஷன், ஒரு லிப்ஸ்டிக். அதைக் கேட்டு வாங்கத் தைரியம் வேண்டுமே. ரயிலில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுங்க.”

சொல்லியும்விட்டேன் அக்கா. குரோய்வா என்கிற அந்தப் பெண் சிரிக்கவில்லை. வித்தியாசம் தெரியட்டும் என்று வலது பாதி முகத்தை மட்டும் முதலில் போட்டாள். பாதி உதட்டில் லிப்ஸ்டிக் வைத்தாள். நல்லாயிருக்கே என்று நான் நினைத்த நேரத்தில் இரண்டு கவுண்டருக்கும் நடுவே இருக்கிற நடைபாதையைத் தாண்டி நீ வந்தாய். டிஷ்யூவால் என் உதட்டைத் துடைத்தாய். “இந்தக் கலர் இவங்களுக்கு ஆகாது” என்றாய்.

அந்தப் பெண் வெலவெலத்துப் போய் என்னைக் கேட்டாள். “மேடம், இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல. யாருன்னே தெரியல.”

அப்படிச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேனா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பாதி முகத்தோடு எழுந்து ஓடி ரயிலைப் பிடித்தேன். எதிரே இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். நான் தலையைத் திருப்பினாலே ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். ஷியோகமா வரும்வரை ஒருக்களித்தே உட்கார்ந்து வந்தேன்.

இட்சுமி


செண்டாய்
16 அக்டோபர்

அன்புள்ள இட்சுமிக்கு,

பெரிய சாலை மரங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. காலையும் மாலையும் குளிர் கூடிவரும் இந்த நாட்களில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பயிற்சி தள்ளிப்போய்விட்டது. அதைச் சொல்ல வெள்ளிக்கிழமை போன் செய்தேன். விடுமுறை நாளில்கூட நீ வீட்டில் இல்லை. குடை வாங்கப் போயிருந்தாய் போலிருக்கிறது.

நிறத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். இந்த வருடம் ஊரே உதட்டில் செங்கல்லை அரைத்துப் பூசிக்கொண்டு திரிகிறது. உன் தோலுக்கு அது காய்ச்சல்காரி மாதிரி இருந்தது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் உனக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்துவந்தேனே, அந்த டப்பாக்கள் எல்லாம் எங்கே? ஒன்றையாவது திறந்தாயா?

‘நடைபாதையைத் தாண்டி நீ வந்தாய்’ என்று சுலபமாக எழுதிவிட்டாய். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அவர்கள் பென்சில் உருண்டு எங்கள் பக்கம் வந்தால்கூட, எடுத்து, ஓரத்தில் நின்று, இரண்டு கையாலும் நீட்டுவோம். என் கீழே வேலை பார்க்கும் பெண்களுக்கு நான் முதல் நாள் கற்றுக்கொடுப்பதே அதுதான். அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தளத்தின் மேலாளர் ஹந்தா அன்று மாலையே கூப்பிட்டார்.

“அந்தம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நீ யாரென்றே தெரியாது என்ற பிறகு நான் மட்டும் வலியப் போய் உறவு கொண்டாடுவதா?

ஆகவே இப்போது நான் யார் என்றால், எதிர் கவுண்டரில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத வாடிக்கையாளரைத் தொட்டுத் துடைத்து எங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தவள். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. இன்னொன்று. நீ அந்தக் கவுண்டரில் முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறாய். கடை வழக்கப்படி மேலாளரும் தவறு செய்தவரும் இனிப்புப் பெட்டியோடு வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறு செய்தவள் நான். வீடு நம் வீடு. விவாகரத்தான பிறகும் நான் புருஷன் வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டிருப்பதால் இதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உனக்கு போன் வரும். ‘வர வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அத்தோடு முடிந்துவிடும்.

சவாகோ


ஷியோகமா
20 அக்டோபர்

அக்கா,

எனக்கும் பருவகால வாழ்த்தா? உன் வாடிக்கையாளர்களுக்கு எழுதுகிற நன்றி அட்டையிலிருந்து முதல் பத்தியைக் கத்தரித்து ஒட்டினாயா?

போன் வந்தது. அந்த ஹந்தாவின் குரல் இருக்கிறதே, ஐயோ. அவரே கால் தடுக்கி என்மேல் விழுந்துவிட்ட மாதிரி அப்படி வருந்துகிறார். “நேர்ல வந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டாத்தான் எங்களுக்கு மனசு ஆறும் மேடம். உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?” என்றார். நான் ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சனிக்கிழம மத்தியானம்” என்று வந்துவிட்டது.

திட்டாதே. எனக்கு இதுதான் வியாதி. யாராவது பணிவாக ஒன்றைக் கேட்டால் எனக்கு மறுக்க வராது. கவுண்டருக்குப் போகப் பயமே அதனால்தான். முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்பது பாதி. மீதி, அவர்கள் சிரிக்காமல் அன்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது. ஒரு லிப்ஸ்டிக் கேட்டுப் போய், க்ரீமும் மையும் பஞ்சும் வாங்கிக்கொண்டு, வேண்டாத ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரும்புவேன். அன்றைக்குக் குரோய்வாவிடம்தான் முதல் தடவையாக “க்ரீம் வேணாங்க, வீட்ல இருக்கு” என்றேன். அது உனக்குத் தெரியாது. நீ அதற்குப் பிறகுதான் வந்தாய்.

இப்போது சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு அவர் வருகிறார். பக்கத்து வீட்டு நிஷினா அம்மா வாசலில்தான் முள்ளங்கி காயவைத்துக்கொண்டிருப்பாள். “அடியே சவாகோ, எப்ப வந்த?” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் நாம் இருவரும் நிற்கிற படம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

நீ தினமும் நூறு பேரைப் பார்க்கிறவள். எப்படி வேண்டாம் என்கிறார்கள்? சொல்லிக்கொடு. கேலி செய்யாமல்.

இட்சுமி


செண்டாய்
22 அக்டோபர், விரைவுத் தபால்

இட்சுமி,

உடனே அவருக்கு போன் செய். ஊரில் இருக்கமாட்டேன் என்று சொல். நீயாகக் காரணம் எதையும் சேர்க்காதே. காரணம் சொல்ல ஆரம்பித்தால் எதிரிலிருப்பவர் அதற்கு ஒரு மாற்று வழி வைத்திருப்பார். நாங்கள் வைத்திருப்போம்.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். நன்றாக மறுக்கத் தெரிந்தவர்கள் சத்தம் போடுவதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. “இன்னைக்கு இது மட்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு நான் என்ன எடுத்து நீட்டினாலும் பார்ப்பார்கள், ரசிப்பார்கள், கையில் தடவிக்கொள்வார்கள், திருப்பித் தந்துவிடுவார்கள். சிலர் போட்டுக்கொண்ட முகத்தோடு வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார்கள். நாங்கள் கைக்கண்ணாடி கொடுத்து அனுப்புவோம். திரும்பி வந்து “யோசிச்சுட்டு வரேன்” என்றால் எங்களுக்குக் கோபமே வராது. அவர்கள் நிஜமாகவே யோசித்துவிட்டு வருவார்கள்.

எங்களைப் பயமுறுத்துவது உன்னைப் போன்றவர்கள்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். பை நிறைய வாங்கிப் போவார்கள். பிறகு எங்கள் கவுண்டரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிப் போவார்கள். எதில் தப்புச் செய்தோம் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளிச்சத்தில் நிற்கிறவள் என்று எழுதியிருந்தாயே. இந்தப் பக்கம் நிற்கிறவளும் ஒவ்வொரு முகத்தையும் பயந்துகொண்டுதான் தொடுகிறாள்.

உனக்கு என் கவுண்டரில் உட்கார்ந்து கேட்கத் தோன்றவில்லையே என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் போன் செய்.

சவாகோ


ஷியோகமா
26 அக்டோபர்

அக்கா,

போன் செய்தேன். “ஊர்ல இருக்கமாட்டேன்” என்று காரணம் சேர்க்காமல்தான் சொன்னேன். “அப்ப நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசல்ல காத்திருக்கோம் மேடம்” என்றார். அதற்கு நீ ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே.

நேற்று நீ என் எதிரே பாயில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தாய். “பெரிய தப்புப் பண்ணிட்டேன் மேடம். மன்னிச்சிருங்க” என்றாய். கவுண்டர் குரல். எழுந்திரு அக்கா என்று நாக்குவரை வந்தது. ஹந்தாவின் முகத்தைப் பார்த்தேன். “பரவால்லீங்க” என்றேன். யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வது மாதிரி.

படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். நிஷினா அம்மாவைப் பேத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். எல்லாம் யோசித்தேன், ஒன்றைத் தவிர. வாசல் தாண்டியதும் அந்த உள்வாங்கிய தரைப் பலகை. நீ பார்க்காமலே காலை எட்டி வைத்துத் தாண்டினாய். சின்ன வயதிலிருந்து தாண்டுகிற கால். உன் பின்னால் வந்த ஹந்தா அதில் மிதித்து, இனிப்புப் பெட்டியோடு சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு பலகையைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். பெட்டியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு அவர் கண்ணைப் பார்க்காமலே தேநீர் ஊற்றினேன்.

கிளம்பும்போது அவர் சொன்னது இது. “இவங்கள கவுண்டர்லேர்ந்து எடுத்துட்டோம் மேடம். இப்ப கிடங்குல இருக்காங்க. அடுத்த மாசம் அகிட்டா கிளைக்கு மாத்துறதா பேச்சு. இனிமே உங்களுக்கு ஒரு சங்கடமும் வராது.”

எனக்குச் சங்கடம் வராதாம். இதை ஏன் நீ எழுதவில்லை? மரங்கள் நிறம் மாறுவதை எழுதினாய், பென்சில் உருண்டதை எழுதினாய். நீ கிடங்கில் பெட்டி பிரித்துக்கொண்டிருக்கிறாய் என்பதை உன் மேலாளர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுமா? வலிக்கிற அந்த இடுப்போடு பெட்டி தூக்குகிறாயா? தரையிலிருந்து எழும்போது நீ ஒரு கையால் பாயை அழுத்தியதைப் பார்த்தேன்.

கோபத்தில் நான் சொன்ன ஒரு பொய் உன்னை அகிட்டாவுக்கு அனுப்பப் போகிறது. அதை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அந்த இனிப்பை இன்னும் பிரிக்கவில்லை. அப்பா அம்மா படத்துக்கு முன்னாலும் வைக்கவில்லை.

இட்சுமி


செண்டாய்
30 அக்டோபர்

இட்சுமி,

நீ வராதே. வந்து சொன்னால் நான் மேலாளரிடம் பொய் சொன்னவள் என்று ஆகும். வாடிக்கையாளரை இழுத்தவளை அகிட்டாவுக்கு அனுப்புவார்கள். மேலாளரை வாடிக்கையாளர் வீடுவரை கூட்டிப் போய் நாடகம் ஆடியவளை வேலையை விட்டே அனுப்பலாம். ஒன்பதாம் தேதி அப்பா அம்மா இடத்தில் நான் உன் பக்கம் உட்கார வேண்டும். ‘அக்கா என்ன செய்கிறார்’ என்று அவர்கள் கேட்கும்போது ஒரு வேலையையாவது சொல்ல வேண்டாமா. அகிட்டாவானால் என்ன, அங்கேயும் பெண்களுக்கு முகம் இருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். நிறம் வெறும் சாக்கு. அது உனக்கு அவ்வளவு மோசமாக இல்லை.

நீ அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கவுண்டரில் ஒரு அம்மாவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே பார்த்தேன். அந்தப் பெண் உன் தாடையைத் தொட்டாள், உன் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இருந்தன. நீ என்னவோ கேட்டாய், அவள் பதில் சொன்னாள், நீ சிரித்தாய். என் கைக்குக் கீழே உன் தோள் ஒருநாளும் இறங்கியதில்லை இட்சுமி. ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரித்தான் உட்கார்ந்திருப்பாய். அம்மா போன பிறகு உன்னை நான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊசி நான்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தாங்க முடியவில்லை. எப்போது நடைபாதையைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது.

மறுபடியும் சொல்கிறேன், வராதே.

எப்போதாவது, இதெல்லாம் அடங்கிய பிறகு, வேறெங்காவது வாங்கப் போனால் வாரநாளில் கடை திறந்ததும் போ. முகம் கழுவிக்கொண்டு வெறும் முகமாகப் போ. வெறும் முகத்தோடு போக வெட்கமாக இருக்கிறது என்பார்கள். எங்களுக்கு அதுதான் வசதி. கவுண்டர் பெண்கள் உட்காரச் சொல்லும்வரை நிற்காதே, நீயே உட்கார். பிரஷ்ஷை வாங்கி மறு பாதியை நீயே போட்டுப் பார். கை நடுங்கினால் நடுங்கட்டும்.

சவாகோ


செண்டாய்
5 நவம்பர்

இட்சுமி,

வராதே என்றேன். வந்துவிட்டாய்.

விடுமுறைக் கூட்டத்துக்குப் பிறகு கவுண்டரில் ஆள் இல்லையென்று நேற்று ஒருநாள் மட்டும் என்னைக் கிடங்கிலிருந்து மேலே கூப்பிட்டிருந்தார்கள். கதவு திறந்து நாங்கள் எல்லோரும் வரிசையாகக் குனிந்து நின்றபோது முதலில் நுழைந்தவள் நீ. வெறும் முகம். தொழிற்சாலைக் காலணி. என்னைத் தாண்டிப் போய், யாரும் சொல்லாமலே குரோய்வாவின் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

உன் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக நம் வீட்டில் நான் கேட்டதெல்லாம் உன் முணுமுணுப்புதான்.

“போன தடவ பாதி முகத்தோட ஓடிப் போனவ நான்தான். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அதோ நிக்கிறாங்களே, அவங்க என் அக்கா. எங்க வீட்டுச் சண்டைய உங்க கவுண்டர்ல போட்டுட்டோம். உங்க மேலாளர்கிட்டயும் சொல்லணும், கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் இந்த மீதிப் பாதிக்கு வழி சொல்லுங்க. நானே போடுறேன்.”

குரோய்வா பிரஷ்ஷை உன்னிடம் கொடுத்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தூணில் இருக்கிற கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஹந்தா வந்தார். நீ அவர் முகத்தைப் பார்த்தே பேசினாய். “அந்தப் பலகையைக் கொஞ்சம் சரி பண்ணுங்க மேடம்” என்றார் அவர். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யார் முதலில் சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

அகிட்டா இல்லை என்று மாலையில் சொன்னார். வேலை இருக்கிறது. தலைமைப் பட்டையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். நான் பழக்கிய பெண் ஒருத்திக்குக் கீழே இனிமேல் நான். அவள் எனக்கு உத்தரவு போட வெட்கப்பட்டுக்கொண்டு தேநீர் கொண்டுவந்து தருகிறாள். அதெல்லாம் போகட்டும். அது எனக்கு வேண்டியதுதான்.

சொல்ல வந்தது வேறு. நீ அந்த லிப்ஸ்டிக்கை வாங்கினாய், அதே செங்கல் நிறம், இன்னைக்கு இது மட்டும் என்று சொல்லி. குரோய்வா பையை எடுத்துக்கொண்டு அவர்கள் எல்லைவரை வந்து உன் கையில் தந்து குனிந்தாள். நீ எங்கள் கவுண்டரைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். நானும் எல்லையில் வந்து நின்றேன். குனிந்தேன். கடைக்காக அல்ல, ஹந்தாவுக்காகவும் அல்ல.

குனிந்தபடியே உன் காலணியைப் பார்த்தேன். ஒரு கணம் என் எதிரே நின்றது. பிறகு நீ ஓடினாய். நடக்கவில்லை, ஓடினாய். முன்பு ஓடிய மாதிரியே.

புரிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லி என் வேலையைக் காப்பாற்றிவிட்டாய், கணக்குத் தீர்ந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் தேதி நான் வரவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களிடம் சொல். காரணம் எதையும் சேர்க்காதே.

உன் முகம் நன்றாக இருந்தது.

சவாகோ


ஷியோகமா
6 நவம்பர், விரைவுத் தபால்

அக்கா,

நீ ஒரு மடைச்சி. இதைப் போனில் சொல்லியிருந்தால் நடுவில் குறுக்கிட்டிருப்பாய்.

உங்கள் கடையில் வாடிக்கையாளர் கண்ணைவிட்டு மறையும்வரை குனிந்தவர்கள் நிமிரக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்த வாசலில் நின்று எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பாட்டிமார்கள் ஆடி அசைந்து போவார்கள், நீ மடங்கியே நிற்பாய். நேற்று முன்தினம் நீ குனிந்தபோது உன் கை இடுப்புக்குப் போகப் பார்த்து, பாதியில் நின்றது. நான் நடந்து போனால் வாசல்வரை நீ அப்படியே நிற்க வேண்டும். அதனால்தான் ஓடினேன். குடை விற்கிற பெண்ணை இடித்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் மறைந்து நின்று எட்டிப் பார்த்தேன். நீ நிமிர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உனக்கு உடம்பு சரியில்லை என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இந்தக் குடும்பத்தில் பொய் சொன்னது போதும். அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டால், கவுண்டரில் நிற்கிறாள் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்துவிடு. முகத்தை நானே போட்டுக்கொள்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அந்த இனிப்பைச் சாப்பிடு, இப்போதுதான் பிரித்தேன், நன்றாகவே இருக்கிறது. மூன்று நாளாகப் போட்டுப் பார்க்கிறேன். எல்லாம் வருகிறது. இடது புருவம் மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

அதை மட்டும் நீ வரைந்துவிடு. தாடையைப் பிடித்துக்கொள். நான் ஆடமாட்டேன்.

இட்சுமி